எரிந்த நூல்களின் நகரில்

பெர்லின் மாநகருக்குச் செல்வோர் பிராண்டன்பர்க் வாயிலைப் பார்ப்பர். இடிக்கப்பட்ட பெருஞ்சுவரின் எஞ்சிய துண்டுகளைப் பார்ப்பர். கடைத்தெருக்களில் சுற்றிவிட்டு ஊர் திரும்புவர். அந்நகரை நூல்களின் வழியாகவும் காணலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஜெர்மானியர் தம் வரலாற்றை எங்கே எழுதினர், எங்கே எரித்தனர், எவற்றை நெடுங்காலம் மறைத்தனர், பின்னர் எவற்றை மனம் நொந்து ஒப்புக்கொண்டனர் என்பதை ஒரு நாள் நடையிலும் ஒரு குறுகிய ரயில் பயணத்திலும் அறிந்துவிடலாம். வரலாற்று நூல் என்பது ஒரு சமுதாயத்தின் கண்ணாடி. அழகு காட்டும்போது அதைப் போற்றுவது எளிது. மறுவைக் காட்டும்போதும் அதை உடைக்காமல் வைத்திருப்பதே கடினம். அந்தக் கடினத்தை ஜெர்மனி எப்படிக் கற்றது என்பதை அறிய விழைவோர் இப்பயணத்தில் நம்முடன் வரலாம்.

வெற்று அலமாரிகள்

பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் அகன்ற சாலைக்கு 'உண்டர் டென் லிண்டன்' என்று பெயர். லிண்டன் மரங்களின் நிழலில் என்பது அதன் பொருள். அச்சாலையில் நடந்து சென்றால் வலப்புறத்தில் ஒரு கல் பாவிய சதுக்கம் விரிகிறது. இன்று அதன் பெயர் பேபெல் சதுக்கம். ஒரு பக்கம் இசை நாடக அரங்கம். எதிர்ப்பக்கம் 1775 முதல் 1780 வரை கட்டப்பட்ட பழைய அரச நூலகம். முகப்பு வளைந்து புடைத்திருப்பதால் நகர மக்கள் அதை 'இழுப்பறைப் பெட்டி' என்று வேடிக்கையாக அழைத்து வந்திருக்கின்றனர்.

சதுக்கத்தின் நடுவே தரையில் பதித்த ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. கவனியாதவர் அதன்மீதே நடந்து போய்விடுவர். குனிந்து பார்த்தால், பூமிக்கடியில் வெள்ளை நிற அறையொன்று தெரிகிறது. நான்கு சுவர்களிலும் அலமாரிகள். ஆனால் ஒரு புத்தகமும் இல்லை. ஏறத்தாழ 20,000 நூல்கள் அடங்கக்கூடிய அவ்வறை வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது. மிக்கா உல்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1995-ஆம் ஆண்டு அமைத்த நினைவகம் இது.

1933 மே 10 இரவு இவ்விடத்தில் ஏறத்தாழ 20,000 நூல்கள் தீயிலிடப்பட்டன. எரித்தவர்கள் எழுத்தறிவற்ற மூடர்கள் அல்லர், பல்கலைக்கழக மாணவர்கள். ஆல்ஃபிரட் பாய்ம்லர் என்ற பேராசிரியர் அன்றுதான் தம் முதல் விரிவுரையை ஆற்றிவிட்டு, மாணவர் ஊர்வலத்துடன் தாமும் நடந்து வந்தார். அமைச்சர் கோயபல்ஸ் வந்து உரையாற்றினார். அதே இரவில் ஜெர்மனியின் வேறு பல பல்கலைக்கழக நகரங்களிலும் தீ மூட்டப்பட்டது. சிறுவர்களுக்காகக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற எரிஷ் கேஸ்ட்னர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தம் நூல்கள் எரிவதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

அருகில் பதிக்கப்பட்ட தகட்டில் ஹைன்ரிஷ் ஹைனே என்ற கவிஞரின் வரி ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. நூலைச் சுடும் கை அத்தோடு நில்லாது, மனிதரையும் சுடும் என்பது அதன் கருத்து. யூதக் குடும்பத்தில் பிறந்த அக்கவிஞர் எந்த நூலை மனத்தில் கொண்டு அதை எழுதினார் என்பது அங்கு வரும் பயணிகள் பலருக்குத் தெரியாது. அவ்வரி 1823-இல் வெளிவந்த 'அல்மன்சூர்' என்ற நாடகத்தில் வருகிறது. கதை நடக்கும் இடம் ஸ்பெயினின் கிரனாடா. முஸ்லிம் ஆட்சி வீழ்ந்த பின், கார்டினல் சிமெனஸின் ஆணையால் சந்தையில் திருக்குர்ஆன் எரிக்கப்பட்ட செய்தி கேட்டு ஒரு முஸ்லிம் பாத்திரம் மறுமொழியாகச் சொல்லும் சொற்கள் அவை. கிரனாடாவில் அரபு நூல்கள் எரிக்கப்பட்டது 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த வரலாறு. அந்த நெருப்பை நினைந்து ஒரு யூதக் குடும்பத்துக் கவிஞர் எழுதிய எச்சரிக்கை, நூறாண்டுகளுக்குப் பின் அவர் பிறந்த நாட்டிலேயே பலித்தது.

ஒரு பேராசிரியரின் வாக்கியம்

சாலையைக் கடந்தால் எதிரே பல்கலைக்கழகம். வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட்டின் முயற்சியால் 1810-இல் தொடங்கப்பெற்று, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்பது. வரலாற்றை ஓர் ஆய்வுத் துறையாக வளர்த்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. லியோபோல்ட் ஃபான் ராங்கே 1825 முதல் இங்கே கற்பித்தார். செவிவழிக் கதைகளையும் பிற்காலத்தார் புனைந்துரைகளையும் நம்பாமல், மூல ஆவணங்களைத் தேடிப் படித்து, எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று வினவி எடைபோடும் முறையை மாணவர்களுக்குப் பழக்கினார். அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து செய்தியை ஏற்கும் மரபை அறிந்த நமக்கு, இம்முறையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

முற்றத்தில் தியோடர் மோம்சனின் சிலை இருக்கிறது. ரோமானிய வரலாற்றை எழுதி, 1902-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடன் இதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இன்னொரு வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் ஃபான் ட்ரைட்ஷ்கே. 1879-இல் ட்ரைட்ஷ்கே ஓர் இதழில் யூதர்களைப் பழித்துக் கட்டுரை எழுதினார். நாட்டின் கேட்டுக்கு அவர்களே காரணம் என்னும் பொருள்பட அதில் ஒரு வாக்கியம் இடம்பெற்றது. மறு ஆண்டே மோம்சன் தனி நூல் வெளியிட்டு அதை மறுத்தார். சக குடிமக்களைப் பகைவராகச் சித்திரிப்பது நாட்டின் ஒற்றுமைக்கே கேடு என்று வாதிட்டார்.

இருவரும் பேரறிஞர்கள், இருவர் வகுப்பிலும் மாணவர் நிறைந்தனர். ஆயினும் சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 'டெர் ஸ்டூர்மர்' என்ற நாஜி வார இதழ் தன் முதற் பக்கத்தில் தொடர்ந்து அச்சிட்டு வந்தது ட்ரைட்ஷ்கேயின் அந்த வாக்கியத்தைத்தான். தெருவில் ஒருவன் கத்தினால் அது வசை; பேராசிரியர் எழுதினால் அது 'ஆய்வு முடிவு' ஆகிவிடுகிறது. சிறுபான்மையினரைப் பற்றி எழுதுகோல் பிடிக்கும் அறிஞர் எவரும், எந்நாட்டவராயினும், இந்த முற்றத்தில் சற்று நின்று செல்வது நலம்.

சிதறிய நூலகம்

பல்கலைக்கழகத்தை அடுத்து நிற்பது அரசு நூலகத்தின் மாபெரும் கட்டடம். பிரஷ்ய ஆட்சியாளர் பிரெடெரிக் வில்ஹெல்ம் 1661-இல் தொடங்கிய நூலகம், பழைய 'இழுப்பறைப் பெட்டி'யில் இடம் போதாமல் 1914-இல் இங்கே குடியேறியது. இன்று அதன் நூல்கள் ஒரு கோடிக்கும் மேல்.

கீழை நாட்டுச் சுவடிகளுக்கும் இது புகழ்பெற்ற இல்லம். இஸ்தான்புல்லில் பிரஷ்யத் தூதராக இருந்த ஹைன்ரிஷ் பிரெடெரிக் ஃபான் டீட்ஸ், தாம் திரட்டிய சுவடிகளை இந்நூலகத்துக்கே விட்டுச் சென்றார். கவிஞர் கோதே பாரசீகக் கவி ஹாஃபிஸின் பால் ஈடுபட்டு 1819-இல் தம் கீழை-மேலைத் திவானை வெளியிட்டபோது, அவருக்கு உதவியவர்களுள் டீட்ஸும் ஒருவர். இங்குள்ள அரபுச் சுவடிகளுக்கு வில்ஹெல்ம் ஆல்வார்ட் என்ற அறிஞர் தயாரித்த விளக்க அட்டவணை மட்டும் 10 தொகுதிகள். 1887 முதல் 1899 வரை வெளிவந்தன. நம் முன்னோர் எழுதிய ஏடுகளைத் தேடி உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகின்றனர்.

இரண்டாம் உலகப் போர் இந்த நூலகத்தைச் சிதறடித்தது. குண்டு வீச்சுக்கு அஞ்சி, நூல்களைப் பெட்டி பெட்டியாக மடாலயங்களுக்கும் கோட்டைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அனுப்பினர். குவிமாடத்துடன் விளங்கிய பெரிய வாசிப்புக் கூடம் குண்டுக்கு இரையாயிற்று. போர் முடிந்தபோது நாடே இரண்டாகப் பிளந்தது, நூலகமும் பிளந்தது. கிழக்கே கிடைத்தவை பழைய கட்டடத்துக்குத் திரும்பின. மேற்கே கிடைத்தவை மார்பர்க், ட்யூபிங்கன் நகரங்களில் தங்கி, 1978-இல் மேற்கு பெர்லினில் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தை அடைந்தன. ஒரு பகுதி போலந்தின் கிராக்கோவ் நகரிலேயே தங்கிவிட்டது. ஒரே நூலின் முதல் தொகுதி சுவருக்கு இப்புறமும் இரண்டாம் தொகுதி அப்புறமுமாகக் கிடந்த விந்தையும் உண்டு. சுவர் வீழ்ந்த பின், 1992-இல் இரு நூலகங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. அழிந்த கூடம் இருந்த இடத்தில் 2013-இல் புதிய வாசிப்புக் கூடம் திறக்கப்பட்டது.

ஒப்புக்கொள்ள மறுத்த காலம்

இத்தகைய நூலகத்தில் அமர்ந்து, போருக்குப் பின் ஜெர்மனியைப் பற்றி எழுந்த ஆய்வு நூல்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒரு சமுதாயம் தன் குற்றத்தை ஒரே நாளில் ஒப்புக்கொள்வதில்லை. படிப்படியாகவே, அதுவும் மறுப்புகளோடு போராடித்தான், ஒப்புக்கொள்கிறது.

1946-இல் முதிய வரலாற்றாசிரியர் பிரெடெரிக் மைனெக்கே 'ஜெர்மானியப் பேரழிவு' என்ற நூலை வெளியிட்டார். நாடு ஏன் வீழ்ந்தது என்று அவர் வினவினார்; பிரஷ்யாவின் படைவெறியைச் சாடினார். ஆனால் கொல்லப்பட்ட யூதர்களுக்கு அந்நூலில் கிடைத்த இடம் மிகச் சிறிது. தம் நாட்டின் வீழ்ச்சிக்கு அழுத கண்கள், தம் நாட்டால் வீழ்ந்தவர்களை இன்னும் நேராகப் பார்க்கவில்லை.

1961-இல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், முதல் உலகப் போர் மூண்டதற்கு ஜெர்மன் அரசின் பேராசைக்குப் பெரும் பொறுப்புண்டு என்று ஆவணங்களைக் கொண்டு நிறுவ முனைந்தார். மூத்த வரலாற்றாசிரியர் பலர் சீறி எழுந்தனர். 1964-இல் அமெரிக்காவில் அவர் விரிவுரையாற்றுவதற்கான நிதியை அரசே நிறுத்தியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாமே செலவேற்று அவரை அழைத்துக்கொண்டன.

அதே 1961-இல் ரவுல் ஹில்பெர்க் ஐரோப்பிய யூதர்களின் அழிவைப் பற்றிய தம் பெருநூலை அமெரிக்காவில் வெளியிட்டார். வியன்னாவில் பிறந்து, இளமையில் நாஜிகளுக்குத் தப்பி ஓடியவர் அவர். இரயில் கால அட்டவணை, அலுவலகக் கடிதம், வரிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டே, ஒரு நாட்டின் நிர்வாக எந்திரம் முழுவதும் எப்படிக் கொலைக் கருவியாயிற்று என்று காட்டினார். அந்நூல் ஜெர்மன் மொழியில் வர 1982 வரை, ஏறத்தாழ 21 ஆண்டுகள் ஆயின. வெளியிட்டதும் ஒரு சிறிய பெர்லின் பதிப்பகமே.

1992-இல் கிறிஸ்டோபர் பிரௌனிங் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஹாம்பர்க்கிலிருந்து போலந்துக்கு அனுப்பப்பட்ட ஒரு சேமக் காவல் படையைப் பற்றி எழுதினார். ஏறத்தாழ 500 பேர். பெரும்பாலோர் நடுவயதுக் குடும்பத் தலைவர்கள். 1942 ஜூலையில் ஒரு சிற்றூரில் யூதர்களைச் சுடும்படி ஆணை வந்தபோது, விரும்பாத மூத்தோர் விலகிக் கொள்ளலாம் என்று அவர்களின் தளபதியே கூறினார். அப்போதே முன்வந்து விலகியவர் பன்னிரண்டு பேரளவுதான். வீட்டில் பிள்ளைகளைக் கொஞ்சிய கைகளே அன்று துப்பாக்கி ஏந்தின. கூட்டத்தோடு ஒத்துப் போவது எத்துணை எளிது, தனியே விலகி நிற்பது எத்துணை அரிது என்பதை அந்நூல் படிப்போரின் நெஞ்சில் தைக்கிறது.

ஏரிக்கரை மாளிகை

நகரின் நடுவிலிருந்து மின்சார ரயிலில் சுமார் அரை மணி நேரம் சென்றால் வான்ஸே வருகிறது. ஏரி, பாய்மரப் படகுகள், மரங்கள் சூழ்ந்த மாளிகைகள் என்று கண்ணுக்கு இனிய இடம். அங்கேயுள்ள ஒரு மாளிகையில் 1942 ஜனவரி 20 அன்று 15 உயர் அதிகாரிகள் கூடினர். ஐரோப்பாவின் யூதர்களைக் கொன்றொழிக்கும் பணியில் எந்தத் துறை எதைச் செய்வது என்று பேசி முடித்தனர். அந்தப் பதினைந்து பேரில் எண்மர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். பட்டம் அறிவைக் காட்டலாம்; அறத்துக்கு அது பிணை நிற்பதில்லை.

இம்மாளிகையின் கதையில் இன்னொரு மனிதர் வருகிறார். பெயர் ஜோசப் வுல்ஃப். 1912-இல் பிறந்த யூதர். ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திலிருந்து உயிர் பிழைத்தவர். போருக்குப் பின் பெர்லினிலேயே குடியேறி, நாஜிகளின் ஆவணங்களைத் திரட்டி நூல் நூலாக வெளியிட்டார். அவரும் லியோன் போலியாகோவும் சேர்ந்து தொகுத்த முதல் பெருநூல் 1955-இல் வந்தது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இல்லை. பாதிக்கப்பட்டவர் எழுதுவது நடுநிலையான ஆய்வாகாது என்று துறைசார் அறிஞர் சிலர் ஒதுக்கினர். கொடுமை செய்தவர் காலத்தில் பதவி வகித்தோரின் நடுநிலையை மட்டும் அவ்வளவாக யாரும் வினவவில்லை.

வான்ஸே மாளிகையை ஆவண மையமாகவும் நூலகமாகவும் ஆக்க வேண்டும் என்று 1960-களில் அவர் அரும்பாடுபட்டார். நகர நிர்வாகம் இசையவில்லை. அப்போது அங்கே பள்ளிச் சிறுவர்களின் விடுமுறை இல்லம் நடந்து வந்தது, அதுவே தொடர்ந்தது. மனைவியையும் இழந்து தனித்துப் போன வுல்ஃப், 1974-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாம் எழுதிய பதினெட்டு நூல்களும் எந்தப் பயனையும் விளைவிக்கவில்லை என்று மகனுக்கு எழுதிய கடிதத்தில் மனம் கசந்திருந்தார். கொலைக்களத்தில் தப்பிய ஒருவரை, அமைதிக் காலத்தின் அலட்சியம் வீழ்த்திவிட்டது.

1992 ஜனவரியில், அந்தக் கூட்டம் நடந்து சரியாக 50 ஆண்டுகள் ஆனபோது, அம்மாளிகை நினைவகமாகவும் கல்வி மையமாகவும் திறக்கப்பட்டது. மேல்தளத்து நூலகத்துக்கு ஜோசப் வுல்ஃபின் பெயரையே சூட்டினர். பள்ளி மாணவர்கள் அங்கே வந்து ஆவணங்களைத் தாமே படிக்கின்றனர். அவருடைய உழைப்பு வீணாகவில்லை. ஆயினும் அதைச் சொல்லிக் கேட்க அவர்தாம் இல்லை.

மோவபிட்டின் மருத்துவர்

நகருக்குத் திரும்பினால் மோவபிட் பகுதியில் ஒரு வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை ஒன்று காணலாம். முகம்மது ஹெல்மி என்ற முஸ்லிம் மருத்துவரின் பெயர் அதில் இருக்கிறது. 1901-இல் கார்ட்டூமில் எகிப்தியப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1922-இல் மருத்துவம் பயில பெர்லின் வந்தார். நாஜி ஆட்சியில் இன வேற்றுமை காட்டி அவரையும் மருத்துவமனைப் பணியிலிருந்து நீக்கினர். இருமுறை சிறையில் அடைத்தனர். தம் ஜெர்மானிய மணப்பெண்ணை மணக்கவும் அனுமதி கிடைக்கவில்லை.

இத்தனை கண்காணிப்புக்கு நடுவிலும், 1942 முதல் போர் முடியும் வரை, தம்மிடம் சிகிச்சைக்கு வந்த யூதக் குடும்பத்தின் இளம்பெண் ஒருத்தியை அவர் மறைத்துக் காத்தார். முஸ்லிம் உறவினளாகக் காட்டி, காவலர் கண்ணில் படாமல் இடம் மாற்றி வைத்தார். அவளுடைய உற்றாருக்கும் உதவினார்; அனைவரும் பிழைத்தனர். இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் 2013-இல், யூதர்களைக் காத்த நல்லோர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அச்சிறப்பைப் பெற்ற முதல் அரபியர் அவரே. 2017-இல் ரோனன் ஷ்டைன்கே என்ற ஜெர்மானிய எழுத்தாளர், ஆவணங்களை ஆராய்ந்து அவ்வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். ஹெல்மி 1982-இல் பெர்லினிலேயே மறைந்தார். தம் செயலை அவர் விளம்பரம் செய்ததில்லை. நூல் ஒன்று எழுந்திராவிட்டால், அத்தெருவில் வாழ்வோர்கூட அவரை அறிந்திருக்க மாட்டார்கள்.

இன்னும் நிரம்பாத பக்கங்கள்

ஜெர்மனியின் வரலாற்று அலமாரி நிறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைய நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் படை கொன்று குவித்தது. கிழக்கு ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் ட்ரெக்ஸ்லர் 1966-லேயே ஆவணங்களுடன் அதைப் பற்றி நூல் எழுதினார். அது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு வெளிப்படையாக ஏற்றது 2021-இல். நூலுக்கும் ஒப்புதலுக்கும் இடையே 55 ஆண்டுகள்!

1961 அக்டோபர் 30 அன்று செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி துருக்கியத் தொழிலாளர் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வரலாயினர். 'விருந்தாளித் தொழிலாளர்' என்று அழைக்கப்பட்ட அவர்கள் அந்நாட்டிலேயே வேரூன்றி, பேரன் பேத்தி கண்டனர். பெர்லினின் குரோய்ஸ்பெர்க் தெருக்களில் அவர்களின் கடைகளையும் தொழுகை இடங்களையும் காணலாம். உல்ரிஷ் ஹெர்பெர்ட் போன்ற வரலாற்றாசிரியர்கள் அயலகத் தொழிலாளர் குறித்து விரிவான நூல்கள் எழுதியுள்ளனர். ஆனால் அம்மக்கள் பிறர் எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை. துருக்கியிலிருந்து குடியேறிய சிலர் 1990-இல் எஸ்ஸன் நகரில் ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினர். ஊருக்கு எழுதிய கடிதம், வேலை ஒப்பந்தம், புகைப்படம், ஏறி வந்தபோது தூக்கிய பெட்டி என்று வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தனர். பின்னர் அது கொலோன் நகருக்கு மாறி, நாட்டுக்கு வந்து குடியேறிய எல்லா மக்களின் வரலாற்றையும் காக்கும் நிலையமாக வளர்ந்துள்ளது. நாளைய ஆய்வு நூல்களுக்கான மூல ஆவணங்கள் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன.

ஆய்வு நூல் எழுதுவோர் சிலர். அதற்கான சான்றைக் காப்பவர்கள் குடும்பத்தார் அனைவரும். பாட்டனாரின் பழைய கடிதத்தைப் பழுப்பேறியது என்று கழிக்கும் முன், அது ஒரு வரலாற்றின் கடைசிச் சாட்சியாக இருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறே, நம் கதையை நாம் எழுதும்போது பெருமையை மட்டும் எழுதி வைப்பதும் போதாது. தமக்கே எதிராக அமைந்தாலும் நீதியாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற நெறியில் வளர்ந்தவர்கள் நாம். பெர்லினில் நூல்கள் எரிந்தன. அறிஞர் சிலர் பொய் எழுதினர். உண்மை எழுதியவர் ஒருவர் கேட்பாரின்றி மடிந்தார். ஆயினும் ஆவணங்கள் காக்கப்பட்டிருந்ததால், பிந்திய தலைமுறை அவற்றைத் திறந்து படித்துத் தலைகுனிந்தது. அந்தத் தலைகுனிவால் அந்நாட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை, உயர்ந்தே இருக்கிறது.